அடுத்த வருஷத்துச் சோறு

சங்கு ஊதினால் அடுப்பு எரியும், அடுப்பு எரிந்தால் பானை கொதிக்கும், பானை கொதித்தால் எழுபத்திரண்டு வீட்டுப் பிள்ளைகளும் விளையாட்டை விட்டுவிட்டு உள்ளே போய் உட்காரும். எங்கள் மில் லைனில் சாயங்காலம் என்றால் இவ்வளவுதான். எதிரெதிராக இரண்டு வரிசை ஓட்டு வீடுகள், பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அந்தச் சுவரும் கூரையைத் தொடாமல் ஒரு முழம் குறைவாக நிற்கும். அதனால் யார் வீட்டில் அரிசிம்பருப்பு தாளிக்கிறார்கள், யார் வீட்டில் கொள்ளுக் கடைகிறார்கள், யார் வீட்டில் ஒன்றும் இல்லாமல் வெறும் வாணலியில் கரண்டியைத் தட்டுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள், அது லைனின் மரியாதை.

நான் பதினேழாம் நம்பர் வீட்டில் இருந்தேன். ஸ்பின்னிங்கில் வேலை, சங்கத்தில் செயலாளர், பெயர் சென்னியப்பன். மூன்று ஸ்ட்ரைக் நடத்தியவன், இரண்டு முறை ஜெயிலுக்குப் போனவன், பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்பு, மற்றதெல்லாம் கூட்டத்தில் விற்கும் நாலணாப் புத்தகங்களில் படித்தது. கோயிலுக்குப் போகாதவன், சகுனம் பார்க்காதவன். இதை எழுதுகிறவன் அப்படிப்பட்டவன் என்பது தெரிந்திருக்கட்டும்.

அந்த வருஷம் ஐப்பசி முதல் தேதி என் மனைவி பழனாத்தாள் அரிசியும் துவரம்பருப்பும் போட்டு, சின்ன வெங்காயம் தாளித்து ஊற்றி மூடி வைத்தாள். திறந்து பார்த்தால் உள்ளே கேழ்வரகுக் களி இருந்தது.

"ஏனுங்க, நான் போட்டது அரிசிங்க" என்றாள்.

"களி வெந்திருக்குதா?"

"வெந்திருக்குது."

"அப்பறம் என்ன, போடு."

இப்படித்தான் அது எங்கள் வீட்டுக்குள் வந்தது, இப்படித்தான் எல்லார் வீட்டுக்குள்ளும் வந்தது. பருப்புப் போட்டால் கொள்ளு வந்தது, சோளம் போட்டால் சோறு வந்தது, கத்தரிக்காய் அரிந்து போட்டவள் முருங்கைக்கீரையைக் கிண்டி எடுத்தாள். அளவு மட்டும் மாறவில்லை, அரைப்படி போட்டால் அரைப்படிதான் இருந்தது. கொட்டிவிட்டு மறுபடி ஆக்கிப் பார்த்தவர்களுக்கும் அதேதான் வந்தது. காலையில் ஆக்கினால் போட்டது போட்டபடி இருக்கும், சாயங்காலச் சங்குக்குப் பிறகு ஆக்குவதுதான் மாறும். முதல் நாள் பெண்கள் வாயில் கை வைத்தார்கள், இரண்டாம் நாள் பேசினார்கள், மூன்றாம் நாள் சிரித்தார்கள், நாலாம் நாளிலிருந்து மூடியைத் திறப்பதற்கு முன் பந்தயம் கட்டினார்கள். எதிர் வரிசைக் குப்பாயாள் எல்லாரிலும் வாய் நீண்டவள். "இருவது வருசமா இன்னைக்கு என்ன ஆக்கறதுன்னு யோசிச்சு யோசிச்சே மண்டை காஞ்சுது, இனி அந்தத் தொல்லை பானைக்கு" என்றாள். மில் டாக்டர் வந்து தண்ணீரை எடுத்துப் போனார், பூசாரி வந்து திருநீற்றைத் தூவிப் போனார், இருவரும் திரும்பி வரவில்லை.

ஐப்பசி பதினான்காம் தேதி எழுபத்திரண்டு பானையிலும் கச்சாயம் வந்தது. பச்சரிசியும் வெல்லமும் சேர்ந்து எண்ணெயில் வெந்த, தீபாவளிக்குச் சுடுகிற கச்சாயம். தீபாவளிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. பிள்ளைகள் தெருவில் குதித்தார்கள். இருபதாம் தேதி எழுபத்திரண்டு பானையிலும் கஞ்சி வந்தது. இருபத்தொன்றாம் தேதியும் கஞ்சி, இருபத்திரண்டாம் தேதியும் கஞ்சி, இருபத்தைந்தாம் தேதி நிஜமான தீபாவளி, புதுச்சட்டை போட்ட பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு காத்திருக்க, அன்றும் கஞ்சி. எல்லா வீட்டிலும் ஒரே கஞ்சி, ஒரே உப்பு, ஒரே அடிப்பிடித்த வாசனை. அன்றைக்குத்தான் லைனில் சிரிப்பு நின்றது.

தீபாவளி கழிந்து சங்கத்துத் துண்டறிக்கை அடிக்க அச்சாபீசுக்குப் போனேன். எங்களுக்கு அடிக்கிற அச்சாபீசில்தான் தினசரி காலண்டரும் அடிப்பார்கள். அடுத்த வருஷத்துத் தாள்கள் மை காயாமல் கொடியில் தொங்கின. அதில் ஒன்றில் தீபாவளி என்று இருந்தது, கீழே ஐப்பசி பதினான்கு என்று இருந்தது. கச்சாயம் வந்த தேதி. பஞ்சாங்கத்தைத் தொடாதவன் அந்தத் தாளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். பானைகள் ஒரு வருஷம் முன்னால் போய்விட்டன. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அடுத்த வருஷம் இதே தேதியில் சாப்பிடப்போகிற சோறு.

அப்படியானால் அந்தக் கஞ்சி எது என்பதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எழுபத்திரண்டு வீட்டிலும் ஒரே ருசியில் கஞ்சி வேண்டுமானால் அது ஒரே அண்டாவில் காய்ந்திருக்க வேண்டும், ஒரே அண்டாவில் காய்ந்தால் அது கஞ்சித் தொட்டி, கஞ்சித் தொட்டி என்றால் ஸ்ட்ரைக். அன்று சாயங்காலம் குழாயடிக் கல்லின் மேல் ஏறி நின்று சொன்னேன். "அடுத்த தீபாவளிக்கு போனஸ் இல்லை, தீபாவளி கழிஞ்சு ஆறாம் நாள் நாம வெளியே வர்றோம், பானை ஓட்டுப் போட்டாச்சு, ஒரு ஓட்டுக்கூட மாத்தி விழலை!" கை தட்டினார்கள். எனக்கு மார்பு விரிந்தது. எத்தனையோ புத்தகங்கள் சொல்லியும் நம்பாத ஜனங்கள் ஒரு வாய்க் கஞ்சியை நம்பினார்கள்.

கூட்டத்தில் முன்னால் நின்றவன் பதினெட்டாம் நம்பர் நஞ்சப்பன். என் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரன், கார்டிங்கில் வேலை, பஞ்சுத் தூசியில் பாதி குரல் போனவன். முந்தைய மூன்று ஸ்ட்ரைக்கிலும் கஞ்சித் தொட்டியில் துடுப்புப் போட்டவன் அவன்தான், அவன் கிண்டினால் அண்டா அடிப்பிடிக்காது. அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். "ஏனுங்கண்ணா, நம்ம கஞ்சி அடிப்பிடிச்ச நாத்தம் அடிக்குதே, அடுத்த வருசம் நான் எங்கீங்க போயிட்டேன்?"

எல்லாரும் சிரித்தோம், நானும் சிரித்தேன்.

கார்த்திகை மூன்றாம் தேதி பழனாத்தாள் சுவரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "மாராத்தா பானை இன்னைக்கு காலிங்க. அரிசி போட்டு மூடினாளாம், தொறந்தா கழுவிக் கவுத்த மாதிரி இருந்துச்சாம். அழுவுறா." மாராத்தாள் நஞ்சப்பனின் மனைவி. அடுத்த இரண்டு நாளும் அவர்கள் பானையில் கஞ்சிக்குப் பதில் ரசச்சோறு வந்தது. "எங்கக்கா வெக்கிற ரசமாட்ட இருக்குது, எங்கக்கா எதுக்கு இங்க வந்து ஆக்கறா?" என்று மாராத்தாள் கேட்டாளாம்.

"லைனே கஞ்சி குடிக்கையில ஒருத்தன் வீட்டுப் பானை காலியா இருந்தா என்ன அர்த்தம்?" என்றேன் நான்.

"என்னங்க அர்த்தம்?"

"அவன் வேற எங்கியோ திங்கிறான்னு அர்த்தம்."

கருங்காலிகளை நிர்வாகம் வெளியே விடாது, மில்லுக்குள்ளேயே படுக்க வைத்து உள்ளேயே சோறு போடும், மூன்று ஸ்ட்ரைக்கில் நான் கண்டது அது. பழனாத்தாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "துக்க வீட்டுலயும் பானை காலியாத்தானுங்க இருக்கும்" என்றாள். நான் துண்டறிக்கையை மடித்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

கார்த்திகை பதினெட்டு. சங்கு ஊதி, அடுப்பு எரிந்து, பானை கொதித்து, மூடியைத் திறந்த பழனாத்தாள் தள்ளி நின்றாள். என் வீட்டுப் பானையில் ஆட்டுக்கறி இருந்தது. தேங்காய் அரைக்காத, வரமல்லியும் மிளகும் வறுத்துப் போட்ட, எங்கள் வீட்டுப் பக்குவம் இல்லாத கறி. சுற்றிலும் எழுபது வீட்டில் அடிப்பிடித்த கஞ்சியின் வாசனை, நடுவில் என் வீட்டில் கறி வாசனை. ஸ்ட்ரைக் நடக்கிற நாளில் செயலாளர் வீட்டில் கறி.

நான் விலைபோகிறவன் இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் பானைக்குத்தான் எல்லாம் தெரியும் என்று குழாயடிக் கல்லில் ஏறிச் சொன்னவன் நான்தானே. "கொண்டு போய்க் கக்கூசுக்குப் பின்னால கொட்டு, மண்ணைத் தள்ளி மூடு" என்றேன். அவள் முந்தானையால் பானையை மூடிக்கொண்டு போனாள். அவள் திரும்புவதற்குள் தெருவில் குப்பாயாளின் குரல் கேட்டது. "ஆரு வூட்டுலடி கறி? பதினேழா, பதினெட்டா?"

நான் முதல் ஆளாக வெளியே வந்தேன். இதைத்தான் நான் இத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். வாசனையைத் தேடி ஜனங்கள் என் வாசலுக்கு வருவதற்குள் நான் பதினெட்டாம் நம்பருக்குள் நுழைந்தேன், அடுப்பில் இருந்த பானையின் மூடியை எடுத்தேன், விரலை விட்டு நாக்கில் வைத்தேன். வரமல்லி, மிளகு, அதே கறி. பானையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். "இங்கே பாருங்க தோழர்களே, கருங்காலிச் சோறு!"

நஞ்சப்பன் சாப்பிட உட்கார்ந்தவன் அப்படியே எழுந்து வந்தான். "அண்ணா, நான் இன்னும் ஒண்ணும் பண்ணலீங்களே" என்றான்.

"பண்ணுவே" என்றது கூட்டம்.

"அடுத்த வருசமுங்களே! அடுத்த வருசத்துக்கு இப்பவே எப்படீங்க?"

"அப்ப பானை பொய் சொல்லுதா? எங்க கஞ்சி பொய்யா?" என்று குப்பாயாள் கேட்டாள். மாராத்தாள் வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பிக் கக்கூசுப் பக்கமிருந்து காலிப் பானையோடு வந்துகொண்டிருந்த பழனாத்தாளைப் பார்த்தாள்.

கார்த்திகை முடிந்தது, பானைகள் பழையபடி ஆயின, போட்டது போட்டபடி வெந்தது. ஆனால் நாங்கள் பழையபடி ஆகவில்லை. நஞ்சப்பனைச் சங்கத்திலிருந்து நீக்கினோம், தீர்மானத்தை எழுதியவன் நான். குழாயடியில் அவர்கள் குடத்தைக் கடைசிக்குத் தள்ளினார்கள், அவர்கள் பிள்ளையைப் பம்பரம் விளையாடச் சேர்க்கவில்லை, கதவில் கரியால் கருங்காலி என்று எழுதினார்கள், மாராத்தாள் அழித்தாள், மறுநாள் எழுதினார்கள். ஒருவரும் அவனை அடிக்கவில்லை, அதில் எங்களுக்குப் பெருமைகூட இருந்தது. அவன் செய்யப்போகும் குற்றத்தின் தேதி எல்லாருக்கும் மனப்பாடம். அவனுக்கும் மனப்பாடம்.

ஆடி மாதத்தில் ஒருநாள் ஷிப்ட் முடிந்து வருகையில் என்னை வழிமறித்தான். "அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா? சுவரு மேல எடம் இருக்குதுங்களே, அன்னைக்கு எனக்கு ரெண்டு பக்கமும் கறி வாசனை அடிச்ச மாதிரி இருந்துச்சு. உங்க பானையில என்னங்க இருந்துச்சு?"

"கஞ்சி" என்றேன்.

"செரிங்கண்ணா" என்றான். நம்பினான். அவன் நம்பினான் என்பதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

நிர்வாகத்துக்கும் மூக்கு இருந்தது. போன வருஷமே டைம்கீப்பர் சாயங்காலங்களில் லைனுக்குள் காற்று வாங்க வந்துபோனார். நாங்கள் எந்த நாள் வெளியே வருவோம் என்பது அவர்களுக்கும் தெரியும், அதற்குள் பஞ்சுக் கிடங்கை நிரப்பிக்கொண்டார்கள், வெளியூர் ஆட்களுக்கும் லாரிக்கும் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அடுத்த ஐப்பசி வந்தது. போனஸைத் தீபாவளிக்குப் பிறகு பேசலாம் என்றார்கள். கைமாற்று வாங்கிக் கச்சாயம் சுட்டோம், ஆறாம் நாள் வெளியே வந்தோம், கஞ்சித் தொட்டி திறந்தோம். நஞ்சப்பன் துடுப்பைப் பிடிக்க வந்தான். "எட்டி நில்லு" என்றார்கள். வேறு ஒருவன் கிண்டினான். முதல் நாளே அண்டா அடிப்பிடித்தது.

கஞ்சி வாங்க அவனும் வரிசையில் நின்றான். ஊற்றத்தான் வேண்டியிருந்தது, ஏனென்றால் அவன் பானையிலும் போன வருஷம் கஞ்சி இருந்ததே. "குடிச்சுக்கோ, மூணாந் தேதி வரைக்கும் குடிச்சுக்கோ, அப்பறம் உனக்குப் பிரியாணி" என்று சொல்லிச் சொல்லி ஊற்றினார்கள். அவன் தூக்குப்போசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பான்.

கார்த்திகை மூன்றாம் தேதி காலை. அவன் உள்ளே போகிற நாள் என்று லைன் முழுவதும் விடியுமுன்பே எழுந்துகொண்டது. நான் நாற்பது பேரை அவன் வீட்டு வாசலில் நிறுத்தினேன், மில் கேட்டில் பன்னிரண்டு பேரை நிறுத்தினேன். மூன்று ஸ்ட்ரைக் நடத்தியவன் போட்ட கணக்கு அது. பழைய ஸ்ட்ரைக்குகளில் இருநூறு பேர் கேட்டின் முன்னால் தோளோடு தோள் சேர்த்து உட்காருவோம், எந்த லாரியும் நகர்ந்ததில்லை. அன்று கேட்டில் நின்ற பன்னிரண்டு பேரைத் தவிர எல்லாரும் ஒரு மனிதனின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் கதவு வழியாக வரவில்லை. ஓட்டைப் பிரித்துப் பின்பக்கமாக இறங்கிப் போயிருந்தான். ஏழு மணிச் சங்கு ஊதியபோது குப்பாயாளின் மகன் ஓடி வந்து, "அவன் கேட்டுல நிக்கறான்!" என்று கத்தினான். ஓடினோம். வெளியூர் ஆட்களை ஏற்றிய லாரி மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது, கேட் திறந்திருந்தது, அங்கே நின்ற பன்னிரண்டு பேரும் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தார்கள், நஞ்சப்பன் கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தான். "போறான் பார், போறான் பார்!" என்று இருநூறு வாய் கத்தியது, அதில் என் வாயும் ஒன்று. அவன் திரும்பிப் பார்த்தான். பாதிக் குரலில் ஏதோ சொன்னான், எங்கள் சத்தத்தில் எங்களுக்கே கேட்கவில்லை. பிறகு நாங்கள் எப்போதும் உட்காரும் இடத்தில், நடுவில், சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. இருநூறு பேருக்கு நிற்கும் லாரி ஒருவனுக்கு நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் பதினெட்டாம் நம்பர் வீட்டில் பானை கழுவிக் கவிழ்த்திருந்தது. மறுநாள் மாராத்தாளின் அக்கா வந்து ரசச்சோறு ஆக்கினாள்.

ஜனங்கள் இதையும் ஏற்றுக்கொண்டார்கள். கரி எழுத்தை அழித்துவிட்டு அதே கதவில் சிவப்புக் கொடி கட்டினார்கள், தியாகி என்றார்கள், இரங்கல் துண்டறிக்கையை நான்தான் எழுதினேன், நன்றாகவே எழுதினேன். பாடையைத் தூக்கப் போனபோது மாராத்தாளின் அண்ணன்மார் எங்களைத் தொடவிடவில்லை. பானை சொன்னதில் கறி மட்டும் மிச்சமிருந்தது. எல்லாரும் விரல்விட்டு நாளை எண்ணினார்கள். மூன்றிலிருந்து பதினெட்டு, பதினாறு நாள். எண்ணி முடித்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குள் போனார்கள்.

எங்கள் ஆட்களுக்குச் சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் கருமாதி. அதுவரை அந்த வீட்டுக்குள் கறி நுழையாது. அன்று சாயங்காலம் செத்தவன் மனைவியின் பிறந்த வீட்டார் கிடா வெட்டித் தங்கள் பக்குவத்தில் ஆக்கிக் கறிச்சோறு போட்டால்தான் துக்கம் முடியும். லைனில் இது தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. நாங்கள் எல்லாரும் எத்தனையோ கருமாதிக் கறி தின்றவர்கள். ஆனால் ஒரு வருஷம் முன்னால் அந்தப் பானையைத் திறந்தபோது எங்களுக்குத் துரோகம் மட்டும்தான் ஞாபகம் வந்தது.

கார்த்திகை பதினெட்டு. மாராத்தாள் லைனில் யாரையும் கூப்பிடவில்லை. எழுபது வீட்டிலும் கஞ்சி. நான் என் வீட்டுக் கதவைச் சாத்தி உள்ளே உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு மேலே வரமல்லியும் மிளகும் வறுபட்ட வாசனை வந்தது. பழனாத்தாள் அடுப்பு மூட்டவில்லை. கஞ்சி வாங்கவும் போகவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

கதவைத் தட்டினாள் மாராத்தாள். கையில் தூக்குப்போசி, அவன் கஞ்சி வாங்கிய அதே போசி.

"கூப்பிட்டா வரமாட்டீங்கன்னு தெரியும். அதான் கொண்டாந்தேன்" என்றாள்.

"எனக்கு எதுக்கு அம்மிணி?" என்றேன்.

"உங்கூட்டுப் பங்குங்கண்ணா. அன்னைக்கு உங்க பானையிலயும் இருந்துச்சுல்லங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, உப்புக் காரம் சரியா என்று கேட்கிற குரலில் சொன்னாள். "பழனாத்தாக்கா கொண்டுபோய்க் கொட்டறதைப் பாத்தேன். அவருகிட்டச் சொன்னேன். அண்ணனே கஞ்சின்னு சொல்லிட்டாரு, நீ வாய மூடுன்னுட்டாரு."

நான் தரையைப் பார்த்தேன்.

"உங்க பானையில இருந்துச்சுன்னுதான் உங்களுக்கு மட்டும் கொண்டாந்தேன். இல்லாட்டி இந்த லைனுல ஒரு நாய்க்கும் வெச்சிருக்கமாட்டேன். போன வருசம் கொட்டிட்டீங்க. இந்த வருசம் சாப்பிடுங்க."

பழனாத்தாள் தட்டை எடுத்து வைத்தாள். மாராத்தாளே குனிந்து போட்டாள். நான் சாப்பிட்டேன். ஒரு வருஷம் முன்னால் என் விரலில் ஒட்டியிருந்த ருசி, மாறாமல், கொஞ்சமும் மாறாமல் இருந்தது. வெளியே யாரோ குழந்தைக்குக் கஞ்சி ஊற்றும் சத்தம் கேட்டது, அடிப்பிடித்த வாசனை வந்தது. மாராத்தாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, கடைசிக் கவளம் உள்ளே போகிறவரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழனாத்தாள் போசியைக் கழுவ எடுத்தாள்.

"கழுவ வேண்டாங்க்கா" என்று வாங்கிக்கொண்டு போனாள் மாராத்தாள்.